கண்ணாடி வீட்டுக் கமரன் அம்மையார்

எங்கள் பாடசாலைத் தமிழ் மன்றத்திற்கு ஒரு கமரா உண்டு. வெளிநாட்டில் வாழும் பழைய மாணாக்கர் ஒருவர் ஊருக்கு வந்தபோது அன்பளிப்பாகத் தந்தது. கலைமகள் விழா, பரிசளிப்பு விழா, ஆசிரியர் தினம் என ஆண்டில் நாலைந்து முறை அது வெளியே வரும். எஞ்சிய நாள்களில் என் பொறுப்பில் அலுமாரிக்குள் உறங்கும். திறவுகோல் என் மடியில் இருக்கும்.

சென்ற ஆண்டில் ஒருநாள், இயற்கை வருணனை எழுதப் பழக்கும் நோக்கத்தோடு, மாணாக்கர் சிலரை இறம்பொடை நீர்வீழ்ச்சிக்கு அழைத்துச் சென்றேன். அன்றாடம் காண்பதை நாம் காண்பதேயில்லை. ஆதலால் நம் வாசலில் விழும் அருவியை ஒருநாளேனும் நின்று பார்க்கட்டும் என்று எண்ணினேன். படம் எடுக்கும் பணியைத் தரம் 11இல் கற்கும் மாணாக்கன் ஒருவனிடம் ஒப்படைத்தேன். திவலை படிந்த பாறையிலே அவன் கால் சறுக்கிற்று. பக்கத்து வேரைப் பற்றிக்கொண்டு அவன் தப்பினான். கமரா கீழே போயிற்று.

நான் ஓடிச் சென்று முதலிற் கேட்டது கமரா என்னவாயிற்று என்பதே. பிள்ளையின் முழங்கையிலிருந்து இரத்தம் வழிந்ததைச் சற்றுப் பொறுத்தே கண்டேன். முப்பது ஆண்டுகளாகத் திருக்குறள் சொல்லிக்கொடுப்பவன் நான். அன்புடைமை அதிகாரத்தை எத்தனை முறை விளக்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்த நாழிகையில் அவ்வதிகாரம் என் உதவிக்கு வரவில்லை.

மேலெடுத்துப் பார்த்தபோது, கமரா ஒரு தடித்த துணிப்பைக்குள் இருந்தபடியே புற்றரையில் விழுந்திருந்தது. வில்லையின் முன்வளையம் கோணியிருந்தது. வில்லையைக் காப்பதற்காக அதன்மீது பொருத்தும் மெல்லிய கண்ணாடி, சிலந்தி வலைபோல வெடித்திருந்தது. கண்டியிலுள்ள பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுசென்றோம். கோணிய வளையத்தை அவர் மெல்ல மெல்லக் கழற்றியெடுத்தார். உள்ளே இருந்த வில்லையில் ஒரு கீறலும் இல்லை. காவற்கண்ணாடி தான் உடைந்து தலைவனைக் காத்தது என்று சொல்லிச் சிரித்தார்.

எங்கள் விஞ்ஞான ஆசிரியர் இதன் காரணத்தை எனக்கு விளக்கினார். விழும் பொருளை உடைப்பது உயரம் மாத்திரமன்று. விழுந்த வேகம் எவ்வளவு குறுகிய நேரத்தில் தடுக்கப்படுகிறது என்பதே பெரிது. கருங்கல்லில் விழுந்தால் கண்ணிமைப்பிலும் சிறிய நேரத்தில் வேகம் முழுவதும் அடங்கவேண்டும். அந்த அதிர்ச்சி பொருளைத் தாக்கும். துணியும் புல்லும் அமுங்கிக்கொடுத்து அந்த நேரத்தைச் சற்று நீட்டின. தாக்கு விசை குறைந்தது. கோணிய வளையமும் அப்படியே. தான் வளைந்ததனால் விசையின் ஒரு பகுதியைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. வளையத் தெரிந்தது பிழைக்கும்; வளையாதது நொறுங்கும். நாணலும் நெடுமரமும் பற்றி நம் முன்னோர் சொன்னதைத்தான் பௌதிகமும் சொல்லுகிறது.

கமரா பிழைத்தது, ஆனால் மாணாக்கன் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவன் தாயார் வந்தார். கொழுந்து கிள்ளிய கறை ஆறாத கைவிரல்களுள் ஒரு சிறு பணமுடிப்பு. கமராவுக்கு எவ்வளவு கட்டவேண்டும், மாதாமாதம் கட்டலாமா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தலைகுனிவாயிற்று. ஒன்றும் கட்டவேண்டாம், பிள்ளையை அனுப்புங்கள் என்று கும்பிட்டு அனுப்பினேன். அவன் வந்தான், ஆனால் கமராவை எடுத்துக் கொடுத்தபோது கைகளைப் பின்னே கட்டிக்கொண்டான்.

அந்த வாரத்தில், வரலாற்றுப் பாடத்தில் கோல்புறூக் கமரன் சீர்திருத்தங்களைப் படித்துவிட்டு வந்த ஒரு மாணாக்கி, கமரன் கண்டுபிடித்ததனாலேதான் கமரா என்று பெயர் வந்ததோ என்று என்னைக் கேட்டாள். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அகராதிகளைப் புரட்டிச் சொல்வதாக வாக்களித்தேன். அகராதி வழியே சென்ற எனக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எதிர்ப்பட்டது. அதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

சொல்லை முதலிற் கூறிவிடுகிறேன். இலத்தீன் மொழியில் கமரா என்பது வளைந்த கூரையையுடைய அறை. சிறு துளை வழியே ஒளி புகுந்து எதிர்ச்சுவரிற் காட்சியைத் தலைகீழாக வீழ்த்தும் இருட்டறைக்கு அப்பெயர் வழங்கிற்று. அறை சுருங்கிப் பெட்டியான பின்னும் பெயர் நிலைத்தது. அந்த இலத்தீன் சொல்லே போர்த்துக்கேயர் வாயிலாக நம் நாட்டுக்கு வந்து காம்பரா ஆயிற்று. லயக் காம்பரா என்று தோட்டத்து மக்கள் சொல்லும் சொல்லும் கமராவும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். கமரன் என்பதோ ஸ்கொத்லாந்துக் குடிப்பெயர். கோணிய மூக்கு எனப் பொருள்படும் பழஞ்சொல்லின் வழிவந்தது என்பர். இரண்டுக்கும் உறவில்லை. ஆயினும் உறவில்லாத இவ்விரண்டு சொற்களையும் ஓர் அம்மையார் தம் வாழ்க்கையால் உறவாக்கி வைத்தார். அவரே ஜூலியா மார்கரெட் கமரன்.

1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் அவர் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவலர். தாயார் பிரெஞ்சு வழியினர். இளமையில் பெரும்பகுதியைப் பிரான்சிலே பாட்டியாரிடம் கழித்தார். உடன்பிறந்த பெண்கள் பேரழகிகள் என்று கல்கத்தாவிற் பெயர்பெற்றவர்கள். ஜூலியா அழகி என்று பேசப்பட்டவரல்லர். பிற்காலத்தில் அழகைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர் அவரொருவரே.

நோயின் பின் உடல் தேறுவதற்காக 1830களின் நடுவில் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே இருவரைச் சந்தித்தார். ஒருவர் சேர் ஜோன் ஹேர்ஷல். தென்வானத்து விண்மீன்களைக் கணக்கெடுக்க வந்திருந்த வானியலறிஞர். ஒளிப்படத்தை மங்காமல் நிலைப்படுத்த உதவும் ஹைப்போ உப்பின் இயல்பை 1819இலேயே கண்டறிந்தவரும் அவரே. மற்றவர் சாள்ஸ் ஹே கமரன். நம் வரலாற்று நூல்களில் வரும் கமரன் இவரே. கோல்புறூக்குடன் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, நீதித்துறைபற்றி 1832இல் அறிக்கை எழுதியவர். ஜூலியாவுக்கு இருபது வயது மூத்தவர். 1838ஆம் ஆண்டு பெப்ருவரி முதலாம் நாள் கல்கத்தாவில் இருவருக்கும் மணம் நிகழ்ந்தது.

கமரன் இந்தியாவிலே சட்டத்துறையில் உயர்பதவி வகித்தார். அதனோடு இலங்கையின் மலைநாட்டிலே பெருநிலங்களை வாங்கிக் கோப்பி பயிரிட்டார். திம்புள்ளைப் பகுதி நிலங்களும் அவற்றுள் அடங்கும். 1848இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860இல் வைற்றுத் தீவில், கவிஞர் டெனிசன் வாழ்ந்த ஊரிலே, அடுத்தடுத்திருந்த இரு வீடுகளை வாங்கி ஒன்றாக்கி, அதற்கு டிம்போலா என்று பெயரிட்டனர். நம் திம்புள்ளையே அப்பெயர். தலவாக்கலைக்குப் போகும் வழியில் நாம் பேருந்தில் உறங்கிக்கொண்டே கடக்கும் ஓரிடத்தின் பெயரை, ஆங்கிலக் கவிஞரும் ஓவியரும் அறிஞரும் தங்கள் சந்திப்பிடத்தின் பெயராக உச்சரித்தார்கள்.

கோப்பித் தோட்டங்களைப் பார்ப்பதற்காகக் கணவர் அடிக்கடி இலங்கைக்கு வந்துவிடுவார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். தனிமையைப் போக்கிக்கொள்ளட்டும் என்று 1863ஆம் ஆண்டு டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தனர். அப்போது அம்மையாருக்கு வயது 48. பேரப்பிள்ளைகளைக் கொஞ்சுவதற்கென்று உலகம் ஒதுக்கிவைத்த வயதில் அவர் ஒரு புதிய கலைக்கு மாணாக்கியானார்.

அந்தக் கமரா எத்தகையது என்பதை இக்காலத்து மாணாக்கர் எண்ணிப் பார்க்கவேண்டும். அது மரத்தால் ஆன பெட்டி. முன்னே பித்தளைக் குழாயில் பொருத்திய பிரெஞ்சு நாட்டு வில்லை. பின்னே, ஏறத்தாழ 11 அங்குலம் நீளமும் 9 அங்குலம் அகலமும் உள்ள கண்ணாடித் தகடு. 1866இல் அவர் வாங்கிய இரண்டாம் கமராவின் தகடோ 15 அங்குலம் நீளமும் 12 அங்குலம் அகலமும் உடையது. படத்தைப் பெரிதாக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. தகட்டின் அளவே படத்தின் அளவு. பெரிய முகம் வேண்டுமானால் பெரிய கண்ணாடியைத்தான் சுமக்கவேண்டும்.

மரப்பெட்டி விழுந்தால் தச்சன் இணைப்பான். பித்தளைக் குழாய் விழுந்தால் கன்னான் தட்டி நிமிர்த்துவான். கண்ணாடித் தகடு விழுந்தால் போனது போனதே. அந்தக் காலத்துப் படக்கலையில் கருவி திடமானது, காட்சியே நொய்மையானது. இன்று நிலைமை மாறிவிட்டது. கருவி உடைந்தாலும் அதனுள் இருக்கும் சிறு நினைவகத்திலிருந்து படத்தை மீட்டுவிடலாம். கமரன் அம்மையார் காலத்தில் ஒரு விரல் வழுக்கினால் ஒரு முகம் என்றென்றைக்கும் இல்லாமற்போகும்.

விழாத கண்ணாடிக்கும் ஆபத்து இருந்தது. பருத்தியை அமிலத்திற் பதமிட்டு, ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்தெடுக்கும் கொலோடியன் என்னும் பசையைத் தகட்டின்மேல் ஊற்றி, நாற்புறமும் சாய்த்துச் சீராகப் படரவிடவேண்டும். பின்பு இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தவேண்டும். ஈரம் உலருமுன் கமராவில் பொருத்திப் படம் பிடிக்கவேண்டும். எதிரே அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்கவேண்டும். அந்த ஈரம் உலராமலே தகட்டை மீண்டும் இருட்டறைக்குக் கொண்டோடி, உருவத்தை வெளிப்படுத்தி, நிலைப்படுத்தி, நன்றாகக் கழுவி, உலர்த்தி, வாணிசு பூசவேண்டும். இத்தனைக்கும் அவரிடம் இருந்த இருட்டறை, நிலக்கரி போட்டுவைத்த அறை. படப்பிடிப்பு மண்டபமோ கோழிக்கூடு. கோழிகளை வெளியேற்றி அதைத் தம் கண்ணாடி வீடாக்கிக்கொண்டார். 1874இல் எழுதத் தொடங்கி முடிக்காது விட்ட தம் நினைவுக்குறிப்புகளுக்கும் கண்ணாடி வீட்டின் பெயரையே சூட்டினார்.

அவர் எடுத்த முதற் படம் என்னவாயிற்று? ஈரத் தகட்டின்மீது கையைத் தேய்த்துத் தாமே அழித்துவிட்டார். இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு எங்கள் மாணாக்கனின் முகமே நினைவில் எழுந்தது. கை தவறுதல் எல்லாக் கலைஞருக்கும் முதற்பாடம் போலும். அவர் தம் கைகளைப் பின்னே கட்டிக்கொள்ளவில்லை. 1864 ஜனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் நன்கு அமைந்தது. அதையே தம் முதல் வெற்றி எனக் கொண்டாடி, அன்றே அச்சிட்டுச் சட்டமிட்டு அச்சிறுமியின் தந்தையாருக்கு வழங்கினார்.

அதன்பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் ஓயவில்லை. டெனிசன், டார்வின், கார்லைல், முதுமையடைந்த ஹேர்ஷல் முதலியோர் அவர் கமராவின்முன் அமர்ந்தனர். கலைந்த தலையும் போர்த்திய மேலாடையுமாகத் தோன்றிய தம் படமொன்றுக்கு அழுக்குத் துறவி என்று டெனிசனே வேடிக்கையாகப் பெயர் வைத்தார். பெரியோரை மாத்திரமா? வீட்டுப் பணிப்பெண்களையும் அயலார் குழந்தைகளையும் இழுத்துவந்து தேவமாதாவாகவும் தேவதூதராகவும் அமர்த்தினார். தம் உடன்பிறந்தாள் மகளான ஜூலியா ஜாக்சனை மீண்டும் மீண்டும் படம்பிடித்தார். அந்த ஜூலியாவின் மகளே பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற வேர்ஜீனியா வுல்ஃப்.

தொழில்முறைப் படக்கலைஞர்கள் அவரைப் பழித்தனர். உருவம் தெளிவாக இல்லை. தகட்டிலே கீறல், கறை, விரலடையாளம். வாணிசிலே தூசி என்று குற்றங்களை அடுக்கினர். குற்றங்கள் உண்மைதான். அவற்றை அவர் மறைக்கவுமில்லை. தெளிவு என்பதற்கு எல்லை வகுத்தவர் யார் என்பதே அவர் கேள்வி. ஒரு மூக்கின் மயிர்க்கால்களை எண்ணிக் காட்டுவதிலும், அந்த மூக்குக்கு உரியவரின் உள்ளத்தைக் காட்டுவது பெரிது என அவர் கருதினார். 1865இலே இலண்டன் தென்கென்சிங்டன் அரும்பொருளகம் அவர் படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 1868இல் அங்கேயே படப்பிடிப்புக்கென இரண்டு அறைகளையும் ஒதுக்கிக் கொடுத்தது.

அவரிடம் நான் கண்ட பெருங்குணம் ஒன்று உண்டு. தகடு வெடித்தாலும் அவர் அதை எறிந்துவிடமாட்டார். வெடித்த தகட்டையே ஒளியுணர் தாளின்மேல் வைத்து, வெயிலிற் காட்டிப் படம் பதித்தார். வெடிப்பின் கோடு படத்திலும் விழும். சில படங்களில் ஒரு மூலையே இல்லாமற் போயிருக்கும். இருந்தும் அவற்றை வைத்துக்கொண்டார், பிறருக்கும் கொடுத்தார். முகம் எஞ்சியிருக்கும்போது மூலைக்காக அழுவானேன் என்பது அவர் எண்ணம்போலும்.

ஆனால் 1869இல் அவரையும் கலங்கவைத்த ஒரு கேடு நேர்ந்தது. மிகச் சிறந்தவை எனத் தாம் மதித்த தகடுகளின் மேற்பூச்சிலே, தேன்கூடுபோல நுண்ணிய வெடிப்புகள் தோன்றலாயின. ஒருவரும் அவற்றைக் கீழே போடவில்லை. பெட்டியில் இருந்தபடியே அவை அழிந்தன. நாற்பதுக்கு மேற்பட்ட தகடுகள் இவ்வாறு பழுதுற்றன. பசையின் குற்றமோ வாணிசின் குற்றமோ என்று அறிஞர்களிடம் வினவித் திரிந்தார். பூட்டிவைத்தால் பொருள் பிழைத்துவிடும் என்று நம்பும் என்போன்றோருக்கு இது நல்ல பாடம். விழுவதனால் உடைவது சில. இருப்பதனாலேயே உடைவது பல.

இதற்கு அவர் கண்ட மாற்றுவழி சிந்திக்கத்தக்கது. தம் சிறந்த படங்களைக் கரி அச்சுமுறையிலே மீண்டும் பதிப்பிக்கச் செய்தார். வெள்ளி உப்பினாற் பதித்த படம் நாளடைவில் மங்கும். கரித்துகளைக் கொண்டு பதித்ததோ எளிதில் மங்காது. நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைக் காத்த முறையும் இதுவே. ஓலைக்கு அழிவில்லை என்று அவர்கள் நம்பவில்லை. செல்லரிக்கும் என்பதை அறிந்தே, ஓர் ஓலை அழியுமுன் இன்னோர் ஓலையிற் பெயர்த்தெழுதினார்கள். சங்க நூல்கள் நமக்குக் கிடைத்தது ஓலையின் வலிமையாலன்று. பெயர்த்தெழுதிய கைகளின் வலிமையால்.

1875இல் கமரன் தம்பதியர் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கே வந்துவிடத் துணிந்தனர். மைந்தர் சிலர் இங்கே இருந்தனர். கையிற் பணமும் குறைந்திருந்தது. முதியவரான கணவருக்குத் தம் மலைநாட்டின்மேல் தீராத வேட்கை. கப்பலேறியபோது அவர்கள் இரண்டு சவப்பெட்டிகளையும் உடன் கொண்டுவந்தனர் என்பதும், வீணாக வெறும்பெட்டியைச் சுமப்பானேன் என்று அவற்றுள்ளே பீங்கானையும் கண்ணாடிப் பாத்திரங்களையும் அடுக்கி வந்தனர் என்பதும் அவர் உறவினர் வழியாக வந்த செய்தி. உடையும் பொருள்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெட்டி வேறெது? மனித உடலும் ஒரு மட்பாண்டமே என்று பாடிய நம் சித்தர்கள் இதைக் கண்டிருந்தால் முறுவலித்திருப்பார்கள்.

இலங்கைக்கு வந்தபின் அவர் கலை மெலிந்தது. வெப்பம், மருந்துகளுக்குத் தட்டுப்பாடு, தகடு கழுவ நல்ல நீருக்குப் பஞ்சம் எனத் தடைகள் பல. மலையிலோ கோப்பிச் செடிகளை இலைநோய் தின்றுகொண்டிருந்தது. 1869இல் இந்நாட்டில் கண்டறியப்பட்ட அந்நோய் சில ஆண்டுகளில் கோப்பித் தொழிலையே வேரறுத்தது. தேயிலை அதன் இடத்துக்கு வந்தது. இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவே. 1877இலே மரியான் நோர்த் என்னும் ஓவியப் பெண்மணி களுத்துறையில் அவரைக் கண்டு தங்கிய செய்தியைத் தம் நூலிற் பதிந்துள்ளார். ஒரு மனிதனின் முதுகு அழகாக இருக்கிறதென்று கண்டு, தோட்டமே இல்லாத மகன் வீட்டிலே அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி அம்மையார் வற்புறுத்தினாராம்.

இங்கேதான் என் மனம் நின்றுவிட்டது. அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களில் இருப்பவர் யார்? சிங்களக் குடியானவரும், பணியாளரும், தோட்டங்களில் உழைத்த தமிழரும் என்று ஆய்வாளர் கூறுவர். டார்வினின் படத்தைப் பார்ப்போர் அது டார்வின் என்று அறிவர். இங்கிலாந்திலே தேவமாதாவாக அமர்ந்த பணிப்பெண்களின் பெயர்களுங்கூடப் பலவாறு தெரிந்திருக்கின்றன. இங்கே எடுத்த படங்களின் கீழோ, களுத்துறைக் குடியானவர் குழு என்றாற்போன்ற பொதுச்சொல்லே உள்ளது. அவர்களும் மூச்சடக்கி அசையாமல் நின்றார்கள். கண்ணாடியில் அவர்கள் முகம் பதிந்தது, கடல் கடந்தது, அரும்பொருளகங்களிலே பத்திரமாக இருக்கிறது. முகம் விழாமற் பிழைத்தது. பெயர் எங்கேயோ கைதவறி விழுந்துவிட்டது. விழுந்த பெயரைப் பழுதுபார்க்கக் கண்டியிலும் ஆளில்லை, இலண்டனிலும் ஆளில்லை.

இது பிறர்மேற் குற்றம் சுமத்துவதற்காக எழுதியதன்று. என் பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் வாழ்நாளில் எடுத்த படம் ஒன்றே. 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர்க் கடவுச்சீட்டு விண்ணப்பத்திற்காக எடுத்தது. அவர்கள் போகவில்லை, படம் தங்கிவிட்டது. அதன் கண்ணாடிச் சட்டம் இருமுறை விழுந்து உடைந்தது, இருமுறையும் மாற்றினோம். பாட்டியாரின் பின்னே நிழலாகத் தெரியும் இன்னொரு பெண்ணின் பெயரை நான் கேட்டதேயில்லை. கேட்பதற்கு இன்று ஒருவரும் இல்லை. சட்டத்தை மாற்றத் தெரிந்த எனக்குப் பெயரைக் கேட்டு எழுதிவைக்கத் தோன்றவில்லை.

கமரன் அம்மையார் 1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கில், கிளென்கேர்ண் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டில் கணவரும் அவர் பக்கத்தில் வந்து சேர்ந்தார். புகைவண்டி அப்போது நாவலப்பிட்டி வரைக்குமே வந்திருந்தது. ஹற்றனுக்கு அது வந்தது 1884இலே. அவர் கையாண்ட பெட்டிகள் போயின. அவர் பயன்படுத்திய வில்லை ஒன்று இலண்டனிலே காக்கப்படுகிறது. பித்தளைக் குழாயும் கண்ணாடியும் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்துவிட்டன.

இவ்வரலாற்றை வகுப்பிற் சொல்லி முடித்தபின், அந்தக் கல்லறையைப் பார்க்கவேண்டும் என்று மாணாக்கர் விரும்பினர். ஒரு சனிக்கிழமை காலை இறம்பொடையிலிருந்து புறப்பட்டோம். நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை, ஹற்றன், டிக்கோயா, நோர்வூட் என்று மலைகளைச் சுற்றிச் சுற்றிப் போயிற்று வழி. திம்புள்ளையைக் கடக்கும்போது இம்முறை ஒருவரும் உறங்கவில்லை. பொகவந்தலாவையில், தேயிலைச் சரிவுகளின் நடுவே சிறிய கற்கோயில். கல்லறையின்முன் மாணாக்கர் சற்று நேரம் பேசாமல் நின்றனர். நான் கமராவைப் பையிலிருந்து எடுத்து, அன்று கைதவறவிட்ட அந்த மாணாக்கனிடம் நீட்டினேன். முன்னே காவற்கண்ணாடி இல்லை. வளையம் இருந்த இடத்தில் ஒரு தழும்பு. அவன் தயங்கினான். முதற் படத்தைத் தம் கையாலே அழித்த அம்மையார் இங்கேதான் உறங்குகிறார் என்று மட்டும் சொன்னேன். அன்று அருவிக்கரையில் நான் அவனிடம் கேட்கத் தவறியதையும் அப்போது கேட்டேன். முழங்கைக் காயம் ஆறிவிட்டதா என்றேன். ஆறிவிட்டதென்று சட்டைக்கையை மடித்துக் காட்டினான். பின்பு கமராவை வாங்கிக்கொண்டான்.

திரும்பும் வழியில், தெருவோர மலையிலே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்களைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னான். ஏறிப்போய் அவர்களோடு பேசினான். அவர்கள் சிரித்துக் கூடைகளைச் சரிசெய்துகொண்டு நின்றனர். படம் எடுத்த பின்னரும் அவன் இறங்கி வரவில்லை. சட்டைப்பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம்வரை, நின்ற ஒழுங்கிலே ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதினான் என்பதைப் பின்பே அறிந்தேன்.

எங்கள் மன்றத்தில் இப்போது படத்தொகுப்பு ஏடு ஒன்று உண்டு. பெயரெழுதாத படத்தை அதில் ஒட்டக்கூடாது என்பது மாணாக்கரே வகுத்த விதி. கமரா முன்னிலும் அடிக்கடி வெளியே போகிறது. மீண்டும் ஒருமுறை விழவும் செய்தது. அலுமாரியை நான் பூட்டுவதில்லை. அந்த ஏட்டின் முதற்பக்கத்தில், இறம்பொடை மலைச்சரிவிலே கூடையோடு நிற்கும் ஒரு தாயின் படம் இருக்கிறது. கமராவின் விலையை மாதாமாதம் கட்டலாமா என்று என்னிடம் கேட்ட தாய் அவர். கீழே அவர் பெயர், மகனின் கையெழுத்தில், பிழையின்றி எழுதப்பட்டிருக்கிறது.